கரிசல் கிராமங்களில் புதிய சாகுபடி முறை நிலைபெறுவது எவ்வாறு?

வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையும் அதனைச் சூழ்ந்த கிராமங்களும் பெரும்பாலும் கரிசல் பூமியை உடையவை. அணை நீரும் கண்மாய் நீரும் எட்டும் நிலம் நீங்கலாக, ஏனையவெல்லாம் வானத்தை நோக்கிய மானாவாரிப் புஞ்சையே. விருதுநகர் ஜில்லாவின் சராசரி மழை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களுக்குள் பெய்து தீர்ந்துவிடும். பருத்தி, சோளம், கம்பு, குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு ஆகியவை இங்குத் தொன்றுதொட்டு வரும் வெள்ளாண்மை. மக்காச்சோளம் சமீப காலத்தில் அவற்றுள் பலவற்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இத்தகைய நிலத்திற்கென ஆராய்ச்சி நிலையங்கள் வகுத்துள்ள முறைகளுக்குக் குறைவில்லை. ஒரு வருஷம் செய்து காட்டப்பெற்ற முறை மறுவருஷம் அதே புஞ்சையில் காணப்படாமற் போவதே குறை. இதற்கு ரயத்துகளின் அறியாமையையும் சோம்பலையும் காரணமாகக் கூறுவது உத்தியோகஸ்தர்களுக்கு எளிது. ஆயினும் அது சரியான காரணமன்று. கைவிடப்பட்ட முறை ஒவ்வொன்றையும் விசாரித்தால், அதைக் கைவிட்டவரிடம் ஒரு கணக்கு இருப்பது தெரியவரும். அக்கணக்கை முதலிலேயே கேட்டறியாமல் முறையைப் பரப்ப முற்பட்டதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு மூலம்.

பருவமழைக்கு முந்திய விதைப்பை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கரிசல் மண் நனைந்தவுடன் களியாகிக் கொழுவிலும் மாட்டின் குளம்பிலும் ஒட்டிக்கொள்ளும். முதல் மழைக்குப் பின் ஏர் இறங்கச் சில நாட்கள் காத்திருத்தல் வேண்டும். அதற்குள் மறுமழை வந்துவிட்டால் விதைப்பு இன்னும் பின்தள்ளப்படும். இவ்வாறு தாமதித்து முளைத்த பயிர் தை மாதத்தில் ஈரமற்று வாடும். இதனை முன்னிட்டு, ஆவணிக் கடைசியிலும் புரட்டாசி முற்பகுதியிலும், அதாவது செப்டம்பர் மாதத்தின் இடைப்பகுதியில், புழுதியாயுள்ள நிலத்தில் சுமார் 5 செண்டிமீட்டர் ஆழத்தில் விதையை இட்டுவிடுமாறு கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தார் சிபாரிசு செய்துள்ளனர். அவ்வளவு ஆழத்தில் கிடக்கும் விதையைச் சிறு தூறல் எழுப்பாது. மண் நன்றாய் நனையும் மழை பெய்த பின்னரே அது முளைக்கும். சோள விதையாயின், ஒரு லிட்டர் நீருக்கு 20 கிராம் வீதம் பொட்டாசியம் டை ஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்த கரைசலில் 6 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்திற்கு உலர்த்தி விதைத்தால், இளம்பயிர் வறட்சியை ஓரளவு தாங்கும்.

புழுதி விதைப்பு இப்பக்கத்தாருக்குப் புதிய சொல்லன்று. ஆயினும் இம்முறையைப் பலர் ஏற்கத் தயங்குகின்றனர். புரட்டாசியில் அரைகுறை மழை பெய்து விதை முளைத்து, அதன்பின் பதினைந்து நாள் வெயில் காய்ந்தால் விதையும் விதைப்புக் கூலியும் போயின என்பது அவர்கள் கணக்கு. முளைக்காமல் கிடக்கும் விதையை எறும்பும் பறவையும் கொண்டுபோகும் என்பது இன்னொன்று. இவை இரண்டும் நியாயமான அச்சங்களே. பத்து வருஷத்தில் எட்டு வருஷம் ஒரு முறை பலிக்கும் என்று வைத்துக்கொண்டாலும், பலிக்காத இரண்டு வருஷத்துக் கடனை அடைக்க வேண்டியவர் புஞ்சைக்காரர். சிபாரிசு செய்தவர் அல்லர். இவ்வச்சத்திற்குச் சொற்பொழிவு பதிலாகாது. தம் புஞ்சையின் ஒரு மூலையில், தாம் பொறுக்கக்கூடிய அளவு நஷ்டத்திற்குத் துணிந்து, தம் கையாலேயே செய்து பார்த்தல் ஒன்றே பதிலாகும்.

இவ்வுண்மைக்கு இக்கரிசல் பூமியின் பழைய சரித்திரமே போதிய சாட்சி. கோவில்பட்டியில் விவசாய ஆராய்ச்சிப் பண்ணை 1901-ல் ஏற்பட்டது. சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் அப்பொழுது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1910-ல் ராமநாதபுரம் ஜில்லா அமைக்கப்பட்ட பொழுதுதான் அவை அதனோடு சேர்க்கப்பட்டன. அக்காலத்தில் இப்பிரதேசத்துப் பருத்தியைப் பற்றி இரண்டு குறைகள் கூறப்பட்டன. கையால் வீசி விதைத்தமையால் களையெடுப்புக்கு ஆட்கூலி மிகுந்தது என்பது ஒன்று. நல்ல கருங்கண்ணிப் பருத்தியோடு புளிச்சை என்னும் தாழ்ந்த ரகம் கலந்து வந்தது என்பது மற்றொன்று. (இப்புளிச்சை கீரை வகையைச் சேர்ந்ததன்று, குட்டையும் முரடுமான இழையை உடைய ஒரு பருத்தி.)

முதற் குறைக்குப் பல்லாரிப் பக்கத்துக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டு வந்த கொர்ரு என்னும் விதைப்புக் கருவி பரிகாரமாகக் கொள்ளப்பட்டது. விவசாய இலாகாவின் எச். சி. ஸாம்ப்ஸன் என்பவர் இதனைத் தென் ஜில்லாக்களின் கரிசலில் பரப்ப முயன்றவர்களுள் முக்கியமானவர். கொர்ருவில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மரச்சட்டத்தில் வரிசையாய்ப் பொருத்திய கொழுக்கள், அவற்றின் பின்னே மூங்கிற் குழாய்கள், மேலே விதை விடும் கிண்ணம், இவ்வளவே. ஆனால் வரிசையில் முளைத்த பயிரின் இடையில் மாடு கட்டிக் குண்டகை ஓட்டலாம். பல ஆட்கள் பல நாள் கொத்தும் களையை ஒரு ஜோடி மாடு சீக்கிரத்தில் வெட்டிவிடும். ஊர்த் தச்சரும் கொல்லரும் செய்யவும் பழுதுபார்க்கவும் கூடியதாய் இருந்தமையே இக்கருவியின் பெரும் பலம். வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டிய இரும்புப் பொறி ஒன்று முறிந்தால், விதைப்புக் காலம் முழுவதும் அது தொழுவத்தில் கிடக்கும்.

எனினும் கொர்ருவிற்கும் ஓர் இடையூறு உண்டு. பருத்தி விதையின் மேலுள்ள பஞ்சுத் துய்யினால் விதைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் குழாயை அடைத்துக்கொள்ளும். சாணத்தையும் மண்ணையும் நீரிற் குழைத்து விதையைப் பிசறி உலர்த்தினால் அது தானியம் போல உருண்டு விழும். இச்சிறு வேலையைச் சொல்லிக்கொடாமல் கருவியை மாத்திரம் இரவல் கொடுத்துச் சென்றால், அரை நாள் விதைப்பிலேயே அது கெட்ட பெயர் எடுத்துவிடும். இத்தகைய விஷயங்களை அறிக்கையில் தேடிப் பயனில்லை. புஞ்சையில் கொர்ருவின் பின்னே நடந்து விதை விடுகிறவர்களைக் கேட்டாலே தெரியும்.

இரண்டாவது குறையின் கதை வேறு விதமானது. கருங்கண்ணியில் தேர்ந்தெடுத்த நல்ல விதையை இலாகா தன் பண்ணையில் மாத்திரம் பெருக்கவில்லை. ரயத்துகளின் நிலங்களையே விதைப் பண்ணைகளாக ஏற்பாடு செய்து, விளைந்த பருத்தியை வாங்கி, அரைத்து, விதையை மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தது. இது நல்ல ஏற்பாடே. ஆயினும் புளிச்சை ஒழிந்தபாடில்லை. காரணம் அறியாமையன்று. புளிச்சையின் இழை தாழ்ந்ததாயினும், கொட்டையோடு கூடிய பருத்தியின் எடைக்கு அதில் பஞ்சு அதிகம் தேறும். இழையின் நயத்திற்குச் சந்தையில் தனி விலை கிடைக்காத பொழுது, பஞ்சு அதிகம் தேறும் ரகத்தை விட்டுவிட ரயத்துக்கு என்ன முகாந்தரம் உண்டு? முடிவில் 1932-ஆம் வருஷத்துச் சென்னைப் பருத்திக் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் புளிச்சைச் சாகுபடியைத் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு விதையை விலக்கச் சட்டம் உதவலாம். வரிசையாய் விதைக்கவும் காலத்தில் உழவும் சட்டத்தால் கற்பிக்க முடியாது.

இதற்கு மாறாக, 1900-க்குப் பின் முதற் பத்தாண்டுகளில் இம்மாகாணத்துக்கு வந்த கம்போடியாப் பருத்தியைக் காணலாம். கிணற்றுப் பாசனமுள்ள தோட்டக்காரர்கள் அதன் மகசூலையும் விலையையும் கண்டு, அதிக பிரசாரமின்றியே ஒருவரைப் பார்த்து ஒருவர் பயிரிட்டனர். தொழில்களும் இவ்வாறே பரவுவன. சிவகாசியிலிருந்து ஐய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அதன்பின் அவ்வூராரும் அக்கம்பக்கத்தாரும் அவர்களைக் கண்டே அத்தொழிலில் இறங்கினர். எந்த இலாகாவும் வீடு வீடாய்ச் சென்று அதனை உபதேசிக்கவில்லை. லாபம் கண்கூடாயின் பரவல் தானே நிகழும். லாபம் மெதுவாகவோ மறைவாகவோ வரும் முறைகளுக்கே, மண்ணின் ஈரத்தைக் காத்தல், பகுதி பகுதியாய் வரப்பிட்டு மழைநீரைத் தேக்குதல் போன்றவற்றுக்கே, கூடி ஆராயும் ஏற்பாடு அவசியமாகிறது.

பிற தேசங்களின் அநுபவமும் இதனையே காட்டுகிறது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாகாணத்துப் பருத்தியைக் காய்க் கூன்வண்டு அழித்துவந்த காலத்தில், 1903-ஆம் வருஷம் டெரல் என்னும் ஊரில் ஸீமன் நாப் என்பவர் ஒரு யுக்தி செய்தார். சர்க்கார் பண்ணை ஒன்றை நிறுவாமல், வால்டர் போர்ட்டர் என்னும் குடியானவரின் சொந்த நிலத்தில் 70 ஏக்கரில், அவரைக் கொண்டே புதிய முறையைச் செய்வித்தார். நஷ்டம் நேர்ந்தால் ஈடுசெய்வதற்கு ஊர் வியாபாரிகள் பணம் திரட்டி வைத்தனர். அப்பணத்தைத் தொட வேண்டிய அவசியம் நேரவில்லை. ஊராரே பிணை நின்றமையால், அந்நிலத்தை ஊர் முழுவதும் கவனித்தது. அயோவா மாகாணத்தில் ஒட்டு மக்காச்சோள விதை பரவியதைப் பற்றி 1943-ல் வெளிவந்த ஆராய்ச்சியும் கவனிக்கத்தக்கது. விதையைப் பற்றிய செய்தியைப் பலருக்கும் முதலிற் சொன்னவர்கள் விற்பனையாளர்களே. ஆனால் நம்பிக்கை உண்டாக்கியவர்கள் அண்டை வயற்காரர்கள். முதல் வருஷத்தில் நிலம் முழுவதும் அவ்விதையை இட்டவர் அரியர். சிறு பகுதியில் தொடங்கி, சில வருஷங்களில் பெருக்கினவர்களே பலர்.

இவற்றினும் சிந்திக்கத்தக்கது மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டின் ஸான் மார்ட்டீன் ஹிலோடெப்பெக்கே பிரதேசத்துச் செய்தி. அங்கு 1970-களில் ரோலண்ட் பன்ச் முதலியோர், ஊர்க் குடியானவர்களையே பரீக்ஷகர்களாகவும் போதகர்களாகவும் கொண்டு, சரிவு நிலங்களில் மண் காக்கும் முறைகளைத் தொடங்கினர். தொடக்கத்தில் ஹெக்டேருக்குச் சுமார் 400 கிலோவாயிருந்த மக்காச்சோள மகசூல் 1979-ல் அவர்கள் விலகிய பொழுது 2,500 கிலோவை எட்டியது. பதினைந்து வருஷம் கழித்து 1994-ல் மீண்டும் சென்று பார்த்தபொழுது, ஆதியில் கற்பிக்கப்பட்ட முறைகளுட் பல மறைந்து போயிருந்தன. ஆனால் மகசூல் 4,500 கிலோவாக உயர்ந்திருந்தது! பழைய முறை பயன்படாத இடத்தில் குடியானவர்கள் தாமே வேறொன்றைச் சோதித்து மாற்றிக்கொண்டிருந்தனர். ஆதலின் ஒரு முறை இன்னும் கையாளப்படுகிறதா என்று மாத்திரம் பார்ப்பது போதாது; சோதித்துப் பார்க்கும் வழக்கம் ஊரில் நின்றதா என்பதே முக்கியமான கேள்வி.

வெம்பக்கோட்டைப் பகுதியில் இதனை நடத்துவது எங்ஙனம் என்பதை இனிக் கூறலாம். முதலாவது கூட்டத்தில் புதிய முறையைப் பற்றிப் பேசுதல் கூடாது. சென்ற மூன்று வருஷங்களில் எப்பயிர் எதனால் பொய்த்தது, எவ்வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, எச்செலவு ஏறிற்று என்பவற்றை ஊராரே சொல்லுமாறு விடுதல் வேண்டும். இப்பக்கத்தில் பட்டாசுத் தொழிலும் தீப்பெட்டித் தொழிலும் ஆண், பெண் இருபாலாரையும் இழுத்துக்கொள்கின்றன. களையெடுப்புக்கு ஆள் தேட வேண்டிய நாளில் தொழிற்சாலைக் கூலியோடு புஞ்சைக் கூலி போட்டியிட முடிவதில்லை. ஆகையால் அதிக ஆட்கூலி கோரும் எந்த முறையும், அதன் மகசூல் எவ்வளவு உயர்ந்ததாயினும், இவ்வூர்களில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்காது. ஆளைக் குறைக்கும் முறையோ தானே தங்கும். வரிசை விதைப்பு இன்று விரும்பப்படுவதாயின், அதற்கு மகசூலைவிட ஆட்குறைவே வலிய காரணமாகும்.

கூட்டத்திற்கு யார் வருகிறார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. பட்டாதாரர் மாத்திரம் வந்து தலையசைத்துச் சென்றால், வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுகிறவர் அம்முறையைச் செய்யக் கடமைப்பட்டவர் அல்லர். வரப்பிட்டு மண்ணைத் திருத்தும் செலவின் பயன் மூன்றாம் வருஷத்தில் வருவதாயிருக்க, குத்தகை ஒரு வருஷத்துக்கே என்றால், அவ்வரப்பை அவர் ஏன் இட வேண்டும்? நிலச்சுவான்தார்கள் இதற்கேற்பக் குத்தகைக் காலத்தை நீட்டுவதோ, செலவில் பாதியை ஏற்பதோ செய்தாலன்றி, அவர்கள் நிலத்தில் இத்தகைய அபிவிருத்தி நிலைக்காது. விதை தேர்ந்து பானையிலும் குதிரிலும் காப்பவர்களும், களை வெட்டுபவர்களும் பெண்கள். அவர்கள் இல்லாத கூட்டத்தில் விதையைப் பற்றிய தீர்மானம் பாதித் தீர்மானமே.

குதிரைவாலி விஷயத்தில் இதற்கு அண்மையிலேயே ஓர் உதாரணம் உண்டு. பக்கத்து மதுரை ஜில்லாவின் பேரையூர் வட்டாரத்தில், தானம் அறக்கட்டளையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் 2011 முதல் 2014 வரை நடந்த சிறுதானிய ஆராய்ச்சித் திட்டத்தில், பல ரகங்களை ரயத்துகளின் நிலத்திலேயே பயிரிட்டு, அவர்களே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டைக் கையாண்டன. ஆராய்ச்சி நிலையத்தார் பெரும்பாலும் தானியத்தின் எடையைப் பார்ப்பர். புஞ்சைக்காரரோ தட்டை மாடு தின்னுமா, கதிர் உதிருமா, உமி எளிதில் நீங்குமா, சோறு ருசியாயிருக்குமா என்பவற்றையும் சேர்த்துப் பார்ப்பர். எடையில் இரண்டாவதாய் நின்ற ரகம் இக்கேள்விகளில் முதலாவதாய் வருதல் கூடும். அதுவே ஊரில் தங்கும்.

சோதனைக்கு ஒருவர் 10 சென்ட்டுக்கு மேல் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் பக்கத்திலேயே அதே அளவுள்ள நிலத்தில் பழைய முறைப்படி பயிரிடுதல் வேண்டும். இரண்டும் ஒரே மண்ணாய், ஒரே சரிவாய் இருத்தல் அவசியம். வாய்க்கால் ஓரத்து நல்ல மண்ணில் புதிய முறையையும், மேட்டில் பழைய முறையையும் வைத்துக் காட்டுவது ஏமாற்று வித்தை. ஊரார் அதனைக் கண்டு கொள்வர். ஒருவர் நிலத்தில் மாத்திரம் செய்யாமல் ஐந்தாறு பேர் நிலத்தில் செய்வது நன்று. ஒரு புஞ்சையில் மழை தப்பினாலும் மற்றொன்றில் உண்மை வெளிப்படும். இலவசமாய் உரமும் விதையும் மருந்தும் கொடுத்து நடத்தும் செய்முறை விளக்கங்கள் பெரும்பாலும் அக்கொடையோடு முடிந்துவிடுவன. விதையைச் செலவுக்கு விலை கொடுத்து வாங்கியவர் அதன் விளைவைக் கவனிப்பதுபோல், இனாமாய்ப் பெற்றவர் கவனிப்பதில்லை. நஷ்டத்துக்குப் பொறுப்பேற்கும் நிதி ஒன்று, டெரல் ஊரார் செய்ததுபோல் ஊரிலேயே இருக்குமாயின், அது இனாமினும் மேலானது.

பயிர் நிற்கும்பொழுது வாரம் ஒருமுறை கூடிப் பார்ப்பதும் இதில் அடங்கும். 1989-ல் இந்தோனேஷியாவில் நெற்பயிர்ப் பூச்சிகளின் பொருட்டுத் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளி இவ்வகையினது. தமிழ்நாட்டிலும் இப்பெயர் பழக்கமானதே. மக்காச்சோளத்தில் 2018-ஆம் வருஷம் படைப்புழு புதிதாய் வந்து சேதம் விளைத்தபொழுது இதன் அருமை தெரிந்தது. குருத்துக்குள் புழு புகுந்த பின் தெளிக்கும் மருந்து அதனை எட்டுவது அரிது. ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கைக் கடைசி உழவில் இடுவதும், இலையில் முட்டைக் குவியலைக் கண்டவுடன் நசுக்குவதும் செலவு குறைந்தவை. ஆனால் முட்டையைக் கண்டறியும் கண் துண்டுப் பிரசுரத்தால் வருவதன்று. புஞ்சையில் நான்கு பேர் குனிந்து இலையைப் புரட்டிப் பார்ப்பதால் வருவது.

ரயத்துகள் முறையைத் தம் சௌகரியத்துக்கேற்ப மாற்றுவார்களாயின், அதனைப் பிழையாகக் கருதுதல் கூடாது. மூன்று கொழுக் கொர்ருவில் ஒன்றை அடைத்து இடைவெளியை அகலமாக்குவோரும், பருத்தி வரிசைகளுக்கிடையே உளுந்து விடுவோரும், விதைப்பைச் சோளத்துக்கு மாத்திரம் முன்தள்ளிப் பருத்திக்கு மழையை எதிர்பார்ப்போரும் இருப்பர். இம்மாற்றங்களைக் குறித்துக்கொண்டு கோவில்பட்டி, அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையங்களுக்குத் தெரிவிப்பதே விரிவாக்க உத்தியோகஸ்தரின் வேலை.

கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கர்ணம், மணியம் பதவிகள் 1980-ல் நீக்கப்பட்டபின் அடங்கல் கணக்கு அவர்கள் பொறுப்பாயிற்று. அடங்கலில் பயிரும் பரப்பும் காணுமேயன்றி, எம்முறையில் விதைக்கப்பட்டது என்பது காணாது. சோதனை நடக்கும் ஊர்களில் தனி நோட்டுப் புத்தகம் ஒன்றில், சர்வே எண், விதைத்த தேதி, முளைத்த தேதி, பெய்த மழை, களையெடுத்த ஆட்கள், மகசூல் ஆகியவற்றை இரண்டு துண்டு நிலத்துக்கும் எதிரெதிரே எழுதி, அறுவடைக்குப் பின் ஊர்ச் சாவடியில் யாவரும் கேட்க வாசித்தல் தகும். ஒருவர் கடன்பட்ட தொகை முதலான அந்தரங்க விவரங்கள் அதில் இடம்பெறலாகாது.

இவ்வேலைக்கு நாள் அதிகமில்லை. ஆடி மாதத்திலேயே முதற் கூட்டம் நடந்துவிடுதல் வேண்டும். சோதனைக்கு இசைந்தவர்கள் ஆவணி பதினைந்துக்குள் நிலத்தை அளந்து முளை அடித்து, தச்சரிடம் கொர்ருவின் குழாய்களைச் சரிபார்த்து, விதையின் முளைப்புத் திறனை நூறு விதை எண்ணி ஈரச் சாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷம் கழிந்தபின் முறையைத் தொடர்கிறவர்கள் எத்தனை பேர் என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதும்பொழுது, கைவிட்டவர்களின் காரணத்தையும் அவரவர் சொன்னபடியே எழுதி வைத்தல் வேண்டும்; அடுத்த ஆடிக் கூட்டத்தில் முதலாவதாக வாசிக்க வேண்டிய பக்கம் அதுவே.